ஆறாத புண்ணும் அன்டிஒக்சிடன்ட் ஜெல்லும்: அம்மாவின் காலைப் பார்த்த நாட்களில் படித்தவை

சீனி வருத்தக்காரர் ஒருவரின் காலில் புண் வந்து ஆறாமல் கிடந்தால், பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு மருந்தோடுதான் வருவார்கள். ஒட்டுசுட்டானில் இருந்து வந்த சித்தி ஒரு போத்தல் காட்டுத்தேன் கொண்டு வந்தார். பக்கத்து வளவு மாமி மஞ்சள் அரைத்துப் பூசச் சொன்னார். கனடாவில் இருக்கும் அண்ணா, புண்ணை விரைவாக ஆற்றும் அன்டிஒக்சிடன்ட் ஜெல் பற்றிய செய்தி ஒன்றை அனுப்பினார். கொஞ்ச நாளில் 'அன்டிஒக்சிடன்ட்' என்று பெரிய எழுத்தில் போட்ட ஒரு டியூப்பும், ஊருக்கு வந்த ஒருவரின் கையில் வீடு வந்து சேர்ந்தது.

சித்தியின் தேனும் மாமியின் மஞ்சளும் அண்ணாவின் ஜெல்லும் ஏறக்குறைய ஒரே நம்பிக்கையில்தான் நிற்கின்றன: புண்ணில் மிஞ்சி நின்று கலங்களைச் சிதைக்கும் ஒட்சியேற்றப் பொருள்களை அடக்கினால் புண் ஆறும். அப்படி அடக்கும் பொருளைத்தான் அன்டிஒக்சிடன்ட் என்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பதால், அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை என்று தேடிப் படித்தேன். வன்னியில் காலில் புண்ணோடு கிளினிக் வாங்கில் காத்திருப்பவர்கள் அதிகம். அவர்களுக்கும் அவர்களைப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மாவின் வயல் முரசுமோட்டையில், இரணைமடுத் தண்ணீர் பாயும் பக்கம். வயசு போன பிறகும் வரம்பில் வெறுங்காலோடு நடப்பதை அவர் விடவில்லை. செருப்பு சேற்றுக்குள் இழுபடும் என்பார். பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு காய்ப்பு இருந்தது. அதற்குள் முள் ஏறியிருக்க வேண்டும். எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியாது. சீமெந்துத் தரையில் ஈரத்தடம் ஒன்று அவர் பின்னாலேயே வருவதைக் கண்டுதான் காலைத் தூக்கிப் பார்த்தோம். "நோகேல்லைப் பிள்ளை, சும்மா ஒரு கீறல்" என்றார்.

நோகாததுதான் வருத்தம் என்று கிளினிக்கில் விளங்கப்படுத்தினார்கள். 10 கிராம் விசையில் வளைகிற ஒரு நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, "தொடேக்க சொல்லுங்கோ அம்மா" என்று தாதி கேட்டார். பல இடங்களில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நீண்ட காலம் சீனி கூடி இருந்தால் கால் நரம்புகள் உணர்வை இழக்கும். உணர்வு இல்லாத கால், புண்ணுக்கு மேலேயே நடந்துகொண்டிருக்கும்.

சரி, அன்டிஒக்சிடன்ட்டுக்கு இதில் என்ன வேலை?

தோல் கிழிந்தால் முதலில் இரத்தம் உறைகிறது. சில மணி நேரத்துக்குள் வெண்குருதிக் கலங்கள் அங்கே வந்து குவிகின்றன. கிருமியைக் கொல்ல அவை ஒட்சிசனில் இருந்து கடுமையான இரசாயனங்களை உண்டாக்குகின்றன. ஒட்சியேற்றப் பொருள்கள் என்பது இவற்றைத்தான். ஐதரசன் பரவொட்சைட்டு அதில் ஒன்று. இன்னொன்று ஐப்போகுளோரசு அமிலம். கிணற்றுக்குக் குளோரீன் போடும்போது கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். சேனைக்குக் காடு வெட்டி நெருப்பு வைப்பதுபோல, இந்த எரிப்பு முதலில் தேவை. பிறகு அது அணைய வேண்டும். அணைந்தால்தான் புது இரத்தக் குழாய்களும் கொலாஜன் என்ற இழைப் புரதமும் முளைத்து, மேலே தோல் படரும்.

சீனி வருத்தத்தில் அந்த நெருப்பு அணைவதில்லை. கூடிய குளுக்கோசு கலங்களுக்குள்ளேயே இந்த ஒட்சியேற்றப் பொருள்களைப் பெருக்குகிறது. அழற்சி நீள்கிறது. புதிதாகக் கட்டப்படும் கொலாஜனை வெட்டித் தள்ளும் நொதியங்கள் அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. ஒரு பக்கம் கட்ட, மறுபக்கம் இடிபடுகிறது. மாதக் கணக்கில் புண் ஒரே அளவில் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். அன்டிஒக்சிடன்ட் பொருள்களைச் செய்பவர்கள் குறிவைப்பது இந்த இடத்தைத்தான். மிஞ்சிய ஒட்சியேற்றப் பொருள்களைப் புண்ணிலேயே பிடித்து அழித்தால், ஆறும் வேலை மறுபடி தொடங்கும் என்பது அவர்கள் கணக்கு. நல்ல கணக்குத்தான்.

ஆனால் முழுவதையும் அழித்துவிடவும் கூடாது. 2009ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வரிக்குதிரை மீனின் குஞ்சுகளுடைய வாலில் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். காயத்தின் ஓரத்தில் உருவாகும் ஐதரசன் பரவொட்சைட்டுத்தான் வெண்குருதிக் கலங்களை அங்கே அழைக்கிறது என்று கண்டார்கள். (அந்த ஆண்டில் நாங்கள் இங்கே போருக்குள் நின்று புண்களைச் சேலைத்துணி கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தோம். உலகத்தில் வேறு எங்கோ ஒருவர் காயம் எப்படி ஆறுகிறது என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைப் படித்தபோது மனம் கனத்தது.) அந்த இரசாயனங்களைச் செய்யும் ஆற்றல் இல்லாமலே பிறக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிருமித்தொற்று திரும்பத் திரும்ப வரும். ஆகவே நேற்று வெட்டுப்பட்ட காயத்துக்கு இந்தப் பொருள்கள் பெரிதாகத் தேவையில்லை. அழற்சியில் மாட்டிக்கொண்டு நிற்கும் பழைய புண்தான் இவற்றுக்கான இடம்.

பொருள்கள் பலவிதம். எனக்கு மிகவும் பிடித்தது சிட்ரிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு ஜெல். அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் கியர்மோ அமீர் என்பவரின் குழு செய்தது. குளிரில் திரவமாக இருக்கும், உடம்புச் சூட்டில் ஜெல்லாக இறுகும். அதனால் ஒழுங்கில்லாத குழிக்குள்ளும் போய் நிரம்பும். குளிர்ந்த சேலைன் ஊற்றினால் மறுபடி திரவமாகிக் கழுவுப்படும், புதுத் தோலைப் பிய்த்துக்கொண்டு வராது. கட்டுக் கழற்றும்போது துணியோடு புதுத் தோலும் வருவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஜெல்லின் உடலே அன்டிஒக்சிடன்ட்டாக வேலை செய்கிறது. தோலில் இயல்பாக உள்ள லமினின் என்ற புரதத்தின் ஒரு சிறு துண்டையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு தோல் கலங்கள் நகர்கின்றன. 2018ல் வெளியிட்ட முடிவில், சந்தையில் உள்ள பிரபலமான ஒரு கட்டோடு ஒப்பிடும்போது இது 33 சதவீதம் விரைவாகப் புண்ணை ஆற்றியது என்றார்கள். ஆற்றியது சீனி வருத்தம் உள்ள எலிகளில்.

சிட்ரிக் அமிலம் தேசிக்காயில் இருப்பதுதானே என்று ஒருவரும் தேசிப்புளி பிழிந்துவிட வேண்டாம். ஜெல்லில் அந்த அமிலம் வேறு மூலக்கூறுகளோடு கோத்து, நீண்ட சங்கிலியாக மாறி இருக்கிறது.

சீரியம் என்ற உலோகத்தின் ஒட்சைட்டில் செய்த மிக நுண்ணிய துணிக்கைகள் இன்னொரு வகை. விற்றமின் சீ போன்றவை ஒருமுறை வேலை செய்தால் செலவாகிவிடும். சீரியமோ இரண்டு மின்னேற்ற நிலைகளுக்கு இடையில் மாறி மாறித் திரும்பத் திரும்ப வேலை செய்யும். அந்தத் துணிக்கைகள் உடம்புக்குள் போனால் எங்கே தங்கும் என்ற கேள்வியைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். மங்கனீசு ஈரொட்சைட்டு, மிஞ்சிய பரவொட்சைட்டை உடைத்து ஒட்சிசனைக் கொடுக்கிறது. இரத்தம் குறைவாக வரும் புண்ணுக்கு அது இரட்டை உதவி. கடலில் பாறையோடு ஒட்டும் மட்டிகளின் பசையைப் பார்த்துச் செய்த பொலிடோபமீன், தேயிலையிலும் கடுக்காயிலும் உள்ள தனின்கள், இறால் கோதில் இருந்து எடுக்கும் கைற்றோசன் எல்லாம் ஆய்வுகளில் வருகின்றன. நந்திக்கடல் இறாலின் கோதைக் குப்பையில் கொட்டுகிற எங்களுக்கு அந்தக் கடைசிச் செய்தி யோசிக்க வேண்டிய ஒன்று.

இனி தேனுக்கும் மஞ்சளுக்கும் வருகிறேன். தேனில் பினோலிக் வகை அன்டிஒக்சிடன்ட்கள் உண்டு. அதே தேன் புண்நீரில் கரையும்போது, அதில் உள்ள ஒரு நொதியம் ஐதரசன் பரவொட்சைட்டையும் உண்டாக்கும். காட்டில் இருந்து நேரே வந்த தேனில் குளொஸ்ரிடியம் வகைக் கிருமியின் வித்திகள் இருக்கலாம் என்பதால், மருத்துவத் தேனைக் காமாக் கதிரால் சுத்திகரித்த பிறகுதான் விற்கிறார்கள். அப்படி இருந்தும், நீரிழிவுக் கால் நோய்க்கான சர்வதேசச் செயற்குழு 2023ல் வெளியிட்ட வழிகாட்டலில், இந்தப் புண்களை ஆற்றுவதற்குத் தேன் பாவிக்க வேண்டாம் என்றே இருக்கிறது. சித்தியின் தேனைச் சித்தியின் மனம் நோகாமல் அலுமாரியில் வைத்துவிட்டேன்.

மஞ்சளுக்கு ஒரு வழக்கே நடந்தது. புண் ஆற்றும் மஞ்சளுக்கு அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995ல் காப்புரிமை கொடுத்தார்கள். இது எங்கள் பாட்டிமாருக்குத் தெரிந்த விடயம் என்று இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து நின்றது. 1997ல் காப்புரிமை இரத்தானது. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் அங்கே தீர்ந்தது இந்த அறிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மட்டும். சீனி வருத்தக்காரரின் ஆழமான புண்ணில் அரைத்த மஞ்சளை அப்பலாமா என்பது வேறு கேள்வி. மஞ்சளில் வேலை செய்யும் குர்குமின் தண்ணீரில் கரைவதே அரிது. அதனால்தான் ஆய்வாளர்கள் அதை நுண்ணிழைகளிலும் ஜெல்லிலும் ஏற்றிப் பார்க்கிறார்கள். அம்மியில் அரைத்த மஞ்சளோடு அம்மியில் இருந்ததும் புண்ணுக்குள் போகும். காய்ந்து ஒட்டினால் அடியில் சீழ் பிடிப்பதும் கண்ணுக்குத் தெரியாது.

வீட்டு அலுமாரியில் இருக்கும் நுரைக்கிற மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐதரசன் பரவொட்சைட்டு ஊற்றினால் புண் பொங்கும். கிருமி சாகிறது என்று எல்லோரும் நினைப்போம். அந்த நுரை, எங்கள் இழையத்தில் உள்ள கற்றலேசு என்ற நொதியம் பரவொட்சைட்டை உடைக்கும்போது வரும் ஒட்சிசன். வகுப்பில் உருளைக்கிழங்குத் துண்டை வைத்து இதைச் செய்து காட்டுவேன். கற்றலேசு உடம்பு தானே செய்துகொண்ட ஒட்சியேற்ற எதிரி. ஏற்கெனவே அது போதாமல் திணறுகிற புண்ணில் வெளியில் இருந்தும் பரவொட்சைட்டு ஊற்றுவதில் நியாயம் இல்லை. ஸ்பிரிட்டும் அப்படித்தான். புண்ணுக்குள் ஊற்றினால் புதுக் கலங்களையும் சேர்த்துச் சுடும்.

அண்ணாவின் டியூப்பைக் கிளினிக்குக்குக் கொண்டு போனேன். டொக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். சிறிய எழுத்தில், வெடிப்போ காயமோ இல்லாத தோலுக்கு மட்டும் என்று போட்டிருந்தது. கிருமி நீக்கியது என்ற குறிப்பு எங்கேயும் இல்லை. அழகுக்குப் பூசும் பொருள். செய்தியில் வந்த ஜெல்லுக்கும் இதற்கும் ஒரு சொல்லைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை. அதற்குப் பிறகு, இப்படி ஏதாவது வந்தால் நான் பார்ப்பது இவைதான்: திறந்த புண்ணுக்கு என்று எழுதியிருக்கிறதா, கிருமி நீக்கி அடைத்திருக்கிறதா, மனிதரில் சோதித்தார்களா அல்லது எலியோடு நிற்கிறதா, தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு இருக்கிறதா. எலியைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எலியின் தோல் தளர்வானது, புண் பெரும்பாலும் சுருங்கியே மூடிவிடும். எங்கள் உள்ளங்கால் அப்படிச் சுருங்காது. அதனால் சில ஆய்வாளர்கள் எலியின் புண்ணைச் சுற்றி வளையம் வைத்துத் தைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

அம்மாவின் புண்ணை ஆற்றியது காலில் பாரம் ஏற்றாமல் விட்டதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். அதற்கு முன் செத்த தோலையும் காய்ப்பையும் டொக்டர் பிளேட்டால் சீவி எடுத்தார். பார்க்கப் பயமாக இருந்தது, புண் பெரிதானது போலத் தெரிந்தது. அந்தச் செத்த பகுதி இருக்கும்வரை கிருமிக்கும் அழற்சிக்கும் அதுதான் இருப்பிடம் என்றார். கால் நாடி துடிக்கிறதா என்றும் தொட்டுப் பார்த்தார். இரத்தம் போகாத காலில் மேலே என்ன பூசினாலும் பயன் குறைவு.

பாரம் இறக்குவதற்கு மிகச் சிறந்தது, முழங்கால்வரை கழற்ற முடியாதபடி போடும் கட்டு. எங்களுக்குக் கிடைத்தது தடித்த பஞ்சுத்தகடு. புண் உள்ள இடத்தை வெட்டி நீக்கிவிட்டுச் சுற்றிவர ஒட்டினார்கள். மிச்சத்தை நாங்கள் வீட்டிலே செய்ய வேண்டியிருந்தது. அம்மாவின் வீட்டில் குசினி தனி, கிணற்றடி தள்ளி, மலசலகூடம் வளவின் கடைசியில். ஒரு நாளைக்கு எத்தனை நடை! "நான் நடக்காட்டி ஆர் மாட்டுக்குத் தண்ணி வைக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாட்டைத் தம்பி பொறுப்பெடுத்தான். குசினிக்குள் ஒரு கதிரையும், காலை நீட்ட ஒரு பலகையும் போட்டோம். இரவுக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொமோட் வைத்தோம். அதற்கு அவர் வெட்கப்பட்டு அழுதார். சொல்லிச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தோம். புண்ணைப் பார்க்கிற பிள்ளைகள் மருந்தில் செலவழிக்கிற யோசனையில் பாதியை இந்த நடைகளைக் குறைப்பதில் செலவழியுங்கள். ஒவ்வொரு அடியும் அன்று முளைத்ததை நசுக்குகிறது.

பக்கத்து ஒழுங்கையில் முள்ளந்தண்டு பாதித்துச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் அம்மாவைப் பார்க்க வருவார். படுக்கைப் புண்ணோடு பல வருடம் போராடியவர். உட்கார்ந்த பாரத்தில் இரத்தம் நிற்கிறது. பாரம் எடுத்ததும் திரும்பப் பாய்கிறது. அப்படித் திரும்பப் பாயும் நேரத்திலும் ஒட்சியேற்றப் பொருள்கள் பெருகுகின்றன. அன்டிஒக்சிடன்ட் பொருள்கள் ஒருநாள் அவருக்கும் உதவக்கூடும். அதுவரை கைகளை ஊன்றி இடுப்பை அடிக்கடி தூக்குவதும், படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரண்டு படுப்பதும்தான் அவர் மருந்து. அம்மாவுக்குப் புத்தி சொல்ல அவருக்கு இருந்த உரிமை எங்களுக்கு இருக்கவில்லை. அவர் சொன்ன பிறகுதான் அம்மா ஒழுங்காகக் கால் நீட்டி இருந்தார்.

வீட்டில் கட்டு மாற்றும்போது சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, சேலைனால் புண்ணைக் கழுவி, கோஸ் துணியால் மூடுவோம். பஞ்சு வைப்பதில்லை, நார் ஒட்டும். காலைத் தண்ணீரில் ஊற வைப்பதும் இல்லை. புண்ணுக்குள் ஈரம் இருக்க வேண்டும், சுற்றியுள்ள தோல் காய்ந்திருக்க வேண்டும். காற்றுப் பட்டால்தான் காயும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஜோர்ஜ் விண்டர் 1962ல் பன்றிகளில் செய்த ஆய்வு அதை மாற்றியது. மெல்லிய பொலித்தீனால் மூடி ஈரமாக வைத்த காயத்தில், திறந்து விட்டதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தோல் படர்ந்தது. இன்றைய ஜெல் எல்லாம் அந்த அறிவின் மேல் நிற்பவை. கட்டு எது, எத்தனை நாளுக்கு ஒருதரம் என்பதை உங்களைப் பார்க்கும் தாதியிடமே கேளுங்கள்.

சாப்பாட்டில் குளத்து மீன், முட்டை, பயறு என்று புரதத்தைக் கூட்டினோம். கொலாஜன் உறுதியாக இறுகுவதற்கு விற்றமின் சீ வேண்டும். கொய்யாவும் நெல்லியும் முருங்கையிலையும் வளவிலேயே இருந்தன. குறைபாடு இல்லாதவருக்கு அதற்கு மேல் விலை கூடிய அன்டிஒக்சிடன்ட் குளிசைகள் தேவைப்படாது. சீனி கட்டுப்பாட்டில் இருப்பதுதான் உள்ளே இருந்து நடக்கும் பெரிய அன்டிஒக்சிடன்ட் வேலை.

கிழமைக்கு ஒருதரம், பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் போனில் படம் எடுத்தேன். கண் ஏமாறும், படம் ஏமாறாது. 4 கிழமை ஒழுங்கான பராமரிப்புக்குப் பிறகும் புண்ணின் பரப்பு பாதி அளவுக்குக் குறையவில்லை என்றால், அது 12 கிழமைக்குள் ஆறுவது அரிது. அப்போது வழியை மாற்றச் சொல்லி டொக்டரிடம் கேட்க வேண்டும். படங்களைக் காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும். புண்ணைச் சுற்றிச் சிவப்பு 2 சென்ரிமீற்றருக்கு மேல் பரவினால், நாற்றம் வந்தால், காய்ச்சல் வந்தால், விரல் கறுத்தால் அடுத்த கிளினிக் நாள்வரை இருக்கக்கூடாது. அன்றைக்கே, இரவென்றாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏற்பு ஊசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மனிதரில் நன்றாகச் சோதித்த புதுக் கட்டு ஒன்றுமே இல்லையா என்று அண்ணா கேட்டார். இருக்கிறது. சுக்குரோசு ஒக்டாசல்பேற்று என்ற பொருள் சேர்த்த ஒரு கட்டை ஐரோப்பாவில் 240 பேரில் சோதித்து, 2018ல் முடிவை வெளியிட்டார்கள். 20 கிழமையில் அந்தக் கட்டுப் போட்டவர்களில் 48 சதவீதத்தினருக்குப் புண் மூடியது. மற்றவர்களில் 30 சதவீதத்தினருக்கு. அதன் முக்கிய வேலை, நான் மேலே சொன்ன கொலாஜனை வெட்டும் நொதியங்களை அடக்குவது. இரு பகுதியினருக்கும் பாரம் இறக்குதல் உட்பட மற்றப் பராமரிப்பு எல்லாம் ஒழுங்காக நடந்தது என்பதை அண்ணாவுக்கு இரண்டு முறை சொன்னேன். அன்டிஒக்சிடன்ட் ஜெல்லுக்கும் இப்படி ஒரு சோதனை மனிதரில் நடந்து நல்ல முடிவு வந்தால், முதலில் வரவேற்பவள் நானாக இருப்பேன்.

அம்மாவின் புண் ஆறிவிட்டது. ஆனால் இப்படி ஆறிய புண்கள் 100 பேரில் ஏறக்குறைய 40 பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகின்றன. அதனால் இரவில் படுக்க முன் தம்பியோ நானோ உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்கிறோம். செருப்புப் போட முன் உள்ளே கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று கையால் தடவுகிறோம். காய்ப்பு தடித்தால் வீட்டில் வெட்டாமல் கிளினிக்கில் சீவுகிறோம். அண்ணாவிடம், இனி ஏதாவது அனுப்புவதென்றால் அகலமான முன்பக்கமும் பின்வாரும் உள்ள மெத்தென்ற செருப்பாக அனுப்பச் சொல்லி, அம்மாவின் பாதத்தைக் கடதாசியில் வரைந்து அளவும் அனுப்பியிருக்கிறேன்.